வீட்டுக்குழுவில் தேநீரை நிறுத்தியவன்

புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் தம்பி தங்கைகளே, போன மாதப் பயிற்சி வகுப்பில் நான் உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசச் சொல்வதும், பேசி முடித்ததும் சால்வை போர்த்தி அனுப்புவதும் நம் சபையின் வழக்கம். நானும் வந்தேன், பேசினேன். வீட்டுக்குழுவுக்கு ஏற்ற பொறுப்பாளரை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பழக்குவது என்று இருபத்திரண்டு வருஷ அனுபவத்தைப் படி படியாக அளந்து கொட்டினேன். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு தங்கை எழுந்தாள். கையில் கையேடு விரித்தபடி இருந்தது.

"ஐயா, பதினொன்னாம் பக்கத்துல, குழுக்கூட்டத்துல டீ, பலகாரம் எதுவும் குடுக்கக் கூடாது, எளிமையைக் காக்கோணும்னு போட்டிருக்குதுங்க. எங்கூட்டுக்கு யார் வந்தாலும் ஒரு வாய் டீ குடுக்காம அனுப்ப மாட்டோமுங்க. இது எதுக்குங்க ஐயா?"

நான் கொஞ்சமும் தடுமாறவில்லை. "வசதி இல்லாத குடும்பங்களுக்குச் சிரமம் வரக் கூடாது பாருங்க கண்ணு, அதுக்குத்தான்" என்றேன். எல்லோரும் தலையாட்டினீர்கள். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் எழுதாமல் உட்கார்ந்திருந்தால் ஒருவேளை நானும் சால்வையை மடித்து வைத்துவிட்டு மறந்திருப்பேன். என் பொய்யை ஒரு பிள்ளை நல்ல கையெழுத்தில் குறித்துக்கொண்டது என்ற நினைப்புதான் என்னை எழுத உட்கார வைத்தது.

அந்த விதியை எழுதியவன் நான்தான். எட்டு வருஷம் ஆகிறது. வசதிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வீட்டுக்குழு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அது எதற்காக இருக்கிறது என்பதை நான் ஒருமுறை மறந்தவன், அதனால் சொல்லிக்கொள்கிறேன். ஞாயிறு ஆராதனையில் நானூறு பேர் உட்கார்ந்திருப்போம். பக்கத்து நாற்காலிக்காரர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் பத்துப் பன்னிரண்டு பேர் வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு வாரம் ஒரு வீட்டில் கூடுகிறோம். பாட்டு, வேதபாடம், ஜெபம். போத்தனூரிலிருந்து மதுக்கரை வரை அன்று பதினான்கு குழுக்கள் இருந்தன. ஒரு குழுவின் பொறுப்பாளர் ஊர் மாறிப் போனால் அடுத்தவரைத் தயார் செய்வது சபை ஊழியனான என் வேலை.

அந்த வேலையில் நான் சேர்ந்த புதிதில் தேர்ந்தெடுத்த முதல் ஆள் ஒரு கல்லூரி ஆசிரியர். கணீர் என்ற குரல். வாயைத் திறந்தால் ஐம்பது நிமிஷம். ஒன்பது பேர் வந்த குழு ஆறே மாதத்தில் நான்கு பேர் ஆயிற்று. அதில் இரண்டு பேர் அவருடைய மனைவியும் மாமியாரும். அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. அப்போது எங்களுக்குப் போதகராக இருந்தவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றுதான் சொன்னார்: "கூட்டம் நடக்கறப்பப் பாக்காதீங்க. ஜெபம் முடிஞ்சு எல்லாரும் டீ டம்ளரைக் கையில வெச்சிருக்கற அந்தக் கால் மணி நேரத்தைப் பாருங்க. ஆளுங்க தானா யார் பக்கத்துல போய் நிக்கறாங்களோ, அவங்க ஏற்கெனவே பொறுப்பாளர்தான். நாம பேர் வெக்கறது மட்டும்தான் பாக்கி."

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அந்த ஒரு புத்திமதியை வைத்துத்தான் பிழைத்தேன். சரோஜாவையும் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

சரோஜாவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது இருக்கும். பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் வேலையை வீட்டிலேயே எடுத்துச் செய்துகொண்டிருந்தாள். கணவர் சரக்கு ஆட்டோ ஓட்டுபவர். இரண்டு பேரும் ஞானஸ்நானம் எடுத்து நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. ரயில் பாதையைத் தாண்டிக் கடைசித் தெருவில் வீடு. அவர்கள் இருந்த குழுவின் பொறுப்பாளர் மகனோடு இருக்கப் பெங்களூர் போவதாக இருந்தார். அடுத்த ஆளைப் பார்ப்பதற்காக நான் ஒரு வெள்ளிக்கிழமை போய் மூலையில் உட்கார்ந்தேன்.

ஜெபம் முடிந்து தேநீர் வந்தது. மூன்று மாதமாக வாயே திறக்காத பெரியவர் ஒருவர் எழுந்து, கப்பைக் கையில் பிடித்தபடி நேராகச் சரோஜாவிடம் போனார். அவருடைய மகள் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்பது அன்றுதான் வெளியே வந்தது. நானாக இருந்தால் உடனே ஒரு வசனம் சொல்லியிருப்பேன். சரோஜா, "அந்தப் புள்ள சாப்புட்டுச்சா இல்லையான்னாவது தெரியுமுங்களா?" என்று மட்டும் கேட்டாள். பெரியவர் அங்கேயே நின்று அழுதார். அவர் அழுது முடிக்கும் வரை அவள் அசையவில்லை. தேடிக்கொண்டு வந்தது கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

பழக்குவதற்கு நமக்கு ஒரு முறை இருக்கிறது. முதல் மாதம் ஆரம்ப ஜெபம் மட்டும். அடுத்த மாதம் வேதபாடத்தில் கேள்வி கேட்பது. பிறகு வராதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது. கடைசியாக, தன் வீட்டிலேயே முழுக் கூட்டத்தையும் தானே நடத்த வேண்டும், நான் ஊமை மாதிரி மூலையில் இருப்பேன். அது நல்லபடியாக முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை சபையில் பெயர் அறிவிப்போம். சரோஜா எல்லாப் படியும் ஏறிக் கடைசிப் படிக்கு வந்துவிட்டாள். அதுவரை கூட்டம் நடக்கும் வீடுகளின் பட்டியலில் அவள் வீடு இருந்ததே இல்லை. வீடு சின்னது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை நம்புவதற்குத் தயாராக இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை தங்கராஜ் ஐயா என்னைத் தன் லேத் பட்டறைக்கு வரச் சொன்னார். இது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. அவர் காலமாகிவிட்டார், பதில் சொல்ல முடியாதவரைப் பெயர் சொல்லி நிறுத்த எனக்கு மனமில்லை. நான்கு தலைமுறைக் கிறிஸ்தவர். குழுவில் மூத்தவர். யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் முதலில் கார் எடுத்துக்கொண்டு போய் நிற்பவர் அவர்தான். அவர் வீட்டுக் கூடம்தான் குழுவுக்கே பெரிய கூடம். என்னை உட்கார வைத்து, கடைக்கு ஆள் அனுப்பித் தேநீர் வாங்கிக் கொடுத்தார். நான் குடித்துக்கொண்டிருக்கும்போது பேச்சைத் தொடங்கினார்.

"வெள்ளிக்கெழமை அந்தப் புள்ள ஊட்டுலயாமுங்க தம்பி?"

"ஆமாங்க ஐயா. நல்லா நடத்துவாங்க."

"நடத்தட்டுமுங்க. நல்ல புள்ளதான், நான் ஒண்ணும் சொல்லலீங்க. வாரோமுங்க, உக்காருறோம், ஜெபம் பண்றோம். கை நனைக்கறதுதான்..." நிறுத்தி, கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். "ஊட்டுல அம்மாவுக்கு ஒத்துவராதுங்க. அவங்க பொறந்து வளந்த விதம் அப்படி. ஒரம்பரையிலயும் நாலு பேரு கேப்பாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி."

ஒரு வீட்டில் உண்பதையும் குடிப்பதையும் கை நனைப்பது என்றும், உறவையும் விருந்தாளியையும் ஒரம்பரை என்றும் நம் பக்கத்தில் சொல்வோம். சாதி என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எத்தனை ‘ங்க’ போட்டு எவ்வளவு பதமாக அதைப் பேச முடியும் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கும் ரோஷம் வந்திருக்கும். அவர் மரியாதையாகக் கேட்டார், நானும் மரியாதையாகத் தேநீரை உறிஞ்சிக்கொண்டு கேட்டேன்.

மனசுக்குள் கணக்கு ஓடியது. அவர் வராவிட்டால் அவரைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் வர மாட்டார்கள். பதினொரு பேர் கொண்ட குழு உடையும். சரோஜா முதல் முதலாகத் தன் வீட்டில் நடத்துகிற கூட்டத்தில் பாய் காலியாகக் கிடக்கும். அந்தப் பெண் உடைந்துபோவாள். ஆகவே இதை அவளுக்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாம்பும் சாக வேண்டும், கம்பும் உடையக் கூடாது என்பார்களே, அப்படி ஒரு யோசனை, கையில் இருந்த டம்ளர் காலியாவதற்குள் வந்துவிட்டது.

"எந்தக் குழுவுலயுமே இனி டீ வேண்டாம்னு வெச்சுக்கலாமுங்க ஐயா. எளிமையா இருந்துட்டுப் போகட்டும்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொறுப்புல இருக்கறதுன்னா இதுதானுங்க தம்பி. யாருக்கும் சங்கடமில்லாம செஞ்சுபோட்டீங்க."

யாருக்கும் என்பதில் சரோஜா இல்லை என்பதை நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. பட்டறை வாசலில், ஸ்கூட்டரைக் கிளப்பும் முன்பே, எல்லாக் குழுக்களுக்குமான வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டேன். எளிமை, வசனத்துக்கே முதலிடம், ஊழியத்தில் ஆடம்பரம் வேண்டாம் என்று அழகாக எழுதினேன். ஒரு வசனத்தையும் சேர்த்தேன். எந்த வசனம் என்று சொல்ல மாட்டேன், பாவம், அதன் மேல் பழி வேண்டாம். பதினான்கு குழுக்களிலிருந்தும் கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தன. புதிய போதகர் கூப்பிட்டு, நல்ல தீர்மானம் என்று மெச்சினார். சரோஜா மட்டும் ஒரு மணி நேரம் கழித்து, ‘செரிங்ணா’ என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். தங்கராஜ் ஐயாவும் அவர் மனைவியும் காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். காயில் சுற்றும் மெஷினை மூலைக்குத் தள்ளி அதன்மேல் ஒரு சேலையைப் போர்த்தியிருந்தார்கள். அறை முழுவதும் லேசாக வார்னிஷ் வாசனை. புதுப் பாய். சமையலறைத் திரை முழுதாக மூடவில்லை. உள்ளே ஒரு தாம்பாளத்தில் பன்னிரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஸ்டிக்கர் கூட ஒன்றிரண்டில் போகவில்லை, அவ்வளவு புதுசு. அடுப்பு அணைந்திருந்தது. டம்ளரை முன்பே வாங்கியிருக்கிறாள், என் செய்தியைப் பார்த்ததும் தேநீர் வைக்காமல் விட்டுவிட்டாள் என்று புரிந்துகொண்டேன். நல்ல கீழ்ப்படிதல் என்று மனசுக்குள் பாராட்டவும் செய்தேன்.

அன்றைய வேதபகுதி பந்தியில் யார் எந்த இடத்தில் உட்காருவது என்பதைப் பற்றியது. அட்டவணையை மூன்று மாதம் முன்பே போட்டவனும் நான்தான். சரோஜா வாசித்து முடித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: "உங்கள யாராச்சும் வாங்கன்னு கூப்புட்டு உக்கார வெச்ச ஒரு நாளு, ஞாபகம் இருந்தாச் சொல்லுங்க." அப்புறம் பேசாமல் இருந்தாள். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் நம் தொழிலில் கடினமான காரியம், அவளுக்கு அது இயல்பாக வந்தது. வருஷக்கணக்கில் ஆமென் தவிர வேறு எதுவும் சொல்லாத தங்கராஜ் ஐயா வீட்டு அம்மா பேசினார். அந்தியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் வாரம், யாரும் தெரியாமல் அழுதுகொண்டு வாசலில் நின்றபோது, எதிர் வீட்டுப் பெண் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டதைச் சொன்னார். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரோஜா அவர் கையைத் தொடுவதற்குக் கையை நீட்டி, பாதியில் மடியில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஆமென் சொன்ன இரண்டு நிமிஷத்தில் வாசலில் ஒரு செருப்பு இல்லை. நான் பாயைச் சுருட்டுவதற்கு நின்றேன்.

"ஏனுங்ணா, இந்த ரூலு எல்லாக் குழுவுக்குமுங்களா, எங்கூட்டுக்கு மட்டுமுங்களா?"

"எல்லாத்துக்கும்தான் அம்மணி. எளிமைக்காக."

"செரிங்ணா." பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கூட்டந்தான் முடிஞ்சிருச்சுங்களே. நீங்க மட்டும் ஒரு வாய் குடிச்சுப்போட்டுப் போறீங்களா?"

"இனி எதுக்கு அடுப்பைப் பத்த வெச்சுக்கிட்டு? ரூல் போட்டவனே மீறலாமா?" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

இங்கே ஒன்றை மறைத்தால் இவ்வளவு எழுதியதும் வீண். வேண்டாம் என்று சொன்ன அந்த நொடியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. தங்கராஜ் ஐயாவுக்காகப் போட்ட விதி எனக்கும் உதவியது. வெளியில் எத்தனையோ பேர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், மேடையில் எல்லோரும் ஒன்று என்று தொண்டை வற்றப் பேசியிருக்கிறேன். ஆனாலும் அந்தத் தெருவில், அந்த டம்ளரைப் பார்த்தபோது என் தொண்டைக்குள் பழைய வீட்டுப் பழக்கம் ஒன்று எழுந்து நின்றது. ஐம்பத்தைந்து வயதில் அது எனக்குள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். விதியின் பின்னால் ஒளிந்துகொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சரோஜாவின் பெயரை அறிவித்தோம். கைதட்டினார்கள். நாலாவது மாதம் அவள் சபை அலுவலகத்துக்கு வந்து வருகை நோட்டை என் மேஜை மேல் வைத்தாள்.

"வேற யாரையாச்சும் போட்டுக்கோங்ணா."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லீங்ணா. எல்லாரும் மரியாதையாத்தான் வாராங்க. பாடறாங்க, ஜெபம் பண்றாங்க, போயிடறாங்க. எங்கூட்டுல ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்காதவங்க, அவங்க ஊட்டுக் கஷ்டத்த எங்கிட்ட எப்படிங்ணா சொல்லுவாங்க? நானுந்தான் எப்படிக் கேக்கறது?"

"அது பொதுவான ரூல்தானே அம்மணி..."

"ரூலு எதுக்குன்னு எனக்குத் தெரியுமுங்ணா. மொத நாளே தெரியும். நீங்களா ஒருநாள் சொல்லுவீங்கன்னு நாலு மாசம் பாத்தேன்."

நான் நோட்டை எடுத்து மேஜை டிராயரில் வைத்தேன். மாதாந்திர அறிக்கையில் ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக விலகினார்’ என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தொடங்கிவிட்டால் பிறகு சோறு அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அந்த ஒரு வருஷத்தில் மற்றக் குழுக்களும் வற்றத் தொடங்கின. முன்பெல்லாம் ஜெபக்குறிப்பு கேட்டால் பொதுவாக எதையாவது சொல்வார்கள். தேநீர் வரும்போதுதான் உண்மை வரும். வேலை போனதும், கணவன் குடிப்பதும், ஸ்கேனில் ஏதோ தெரிந்ததும் எல்லாம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னவைதான். இப்போது ஆமென் முடிந்ததும் ஆளாளுக்கு வண்டியை எடுத்தார்கள். யார் பக்கத்தில் யார் போய் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பொறுப்பாளரைக் கண்டுபிடித்தவன் நான். இப்போது யாருமே நிற்பதில்லை, நான் எங்கே பார்ப்பது? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். விதியை எடுத்துவிடலாம் என்றால் அது ஆவிக்குரிய விதி ஆகிவிட்டது. அடுத்த வருஷம் கையேட்டில் அச்சாகி, பதினோராம் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

மனசு கேட்காமல் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சரோஜா வீட்டுக்குப் போனேன். அவள் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்திவிட்டு, "வாங்ணா, உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, பட்டறை, எல்லாம். தங்கராஜ் ஐயா வீட்டில் எவர்சில்வர் டம்ளர் போய்ப் பேப்பர் கப் வந்தது அவள் குழுவில் சேர்ந்த மாதம்தான் என்பதையும், நான் அதைச் சுகாதாரம் என்று நினைத்துக்கொண்டதையும் சொன்னேன். கடைசியில், "எனக்கு ஒரு டீ குடு அம்மணி" என்றேன். கண் கலங்கியிருந்தது. கேட்டதும் அவள் எழுந்து அடுப்படிக்குப் போவாள் என்றே எதிர்பார்த்தேன்.

அவள் எழவில்லை.

"பாலு இருக்குதுங்ணா, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா வெக்க மாட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க தனியா வந்து குடிச்சுப்போட்டுப் போனா உங்க மனசு ஆறிரும். எனக்கு என்னங்ணா ஆகும்? எல்லாத்துக்கும் தெரியற மாதிரித்தான ரூலப் போட்டீங்க. எதுக்குப் போட்டீங்கன்னும் எல்லாத்துக்கும் தெரியற மாதிரிச் சொல்லுங்க. அப்பறம் வாங்க."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றே போனை எடுத்து நான்கு வரி எழுதினேன், அழித்தேன். தங்கராஜ் ஐயாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை, இந்த நேரத்தில் வேண்டாம் என்று நினைத்தேன். அவர் போனபிறகு, இறந்தவரைப் பற்றி வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு நான் ஓய்வு பெறும் வருஷம் வந்தது, நல்ல பெயரோடு போய்விடலாமே என்று நினைத்தேன். ஒவ்வொரு காரணமும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வழியனுப்பு விழாவில் என்னைப் பற்றிப் பேசிய ஐந்து பேரில் மூன்று பேர் நான் கொண்டுவந்த எளிமையைப் புகழ்ந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பணிவு என்று நினைத்திருப்பார்கள்.

இதிலிருந்து உங்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஒரு சிக்கலுக்குப் பத்தே நிமிஷத்தில் எல்லோருக்கும் திருப்தியான வழி ஒன்று தோன்றினால் பயப்படுங்கள். அந்த எல்லோரில் யாரோ ஒருவர் அந்த அறையில் இல்லை என்று அர்த்தம். அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வரிதான்: ‘ஐயா, டீ இருக்கும், குடிப்பதும் குடிக்காததும் உங்களுக்கும் கடவுளுக்கும் நடுவில்.’ அவர் குடிக்காமல் போயிருந்தால் அது அவர் ஒருவரின் பாவமாக இருந்திருக்கும். நான் விதி போட்டு அதைச் சபையின் பாவமாக்கினேன். குழு உடைந்திருக்கலாம். உடைய வேண்டிய குழுவை ஒட்டி வைத்து, நடத்தத் தெரிந்த ஒருத்தியை இழந்தேன்.

நாம் இழந்தோம் என்பதுதான் சரி. அவள் ஒன்றையும் விடவில்லை. அவள் தெருவில் காயில் சுற்றும் பெண்கள் பதினைந்து பேர் இப்போதும் வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அவள் வீட்டில் கூடுகிறார்கள். நம் பட்டியலில் அந்தக் குழு இல்லை. அதிலிருந்து இரண்டு பெண்கள் பிரிந்து போய்ப் பக்கத்துத் தெருக்களில் வேறு குழு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நம் பயிற்சி வகுப்புக்கு அவர்கள் யாரும் வந்ததில்லை.

கேள்வி கேட்ட தங்கையே, உன் நோட்டில் நான் சொன்னதை அடித்துவிடு. பதினோராம் பக்கத்தைக் கிழிக்கச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அதை நீங்கள் கூடிப் பேசிச் செய்யுங்கள். பேசும்போது காரணத்தையும் சேர்த்துப் பேசுங்கள்.

இதை உங்களுக்கு அனுப்புவதற்கு முன் சரோஜாவுக்கு அனுப்பினேன். பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துக் குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"படிச்சேனுங்ணா. பேரு இருக்கட்டும், மறைக்க வேண்டாம். ஒரு எடத்துல மட்டும் தப்பா எழுதியிருக்கீங்க. அன்னைக்கு அடுப்பு அணைஞ்சிருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, அது செரிதான். டீ வெக்கலைன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது செரியில்லீங்ணா. கூட்டத்துக்கு முந்தியே போட்டு ரெண்டு பிளாஸ்க்குல ஊத்தி வெச்சிருந்தேன். ரூலு இருந்தா இருக்கட்டும், வந்தவங்க யாராச்சும் ஒருத்தராச்சும் வாயத் தொறந்து கேட்டுட்டா இல்லைன்னு சொல்ல முடியாதுல்லீங்க. யாரும் கேக்கல. செரி, நீங்களாச்சும்னு நானே கேட்டேன். நீங்க போனதுக்கப்பறம் புது டம்ளர்லயே தெருவுல எல்லாத்துக்கும் ஊத்திக் குடுத்தேன். என்ன விசேசம்னு கேட்டாங்க. சபையில இருந்து எங்கூட்டுக்கு ஒரம்பரை வந்துட்டுப் போனாங்கன்னு சொன்னேன். அதையும் சேத்துப் போடுங்ணா."

சேர்த்துவிட்டேன்.